விறைத்த தோலுக்கு எண்ணெய்

வேலூர் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா பொறுமையாகத்தான் சொன்னார். லோகநாதனின் நெஞ்சுக்குப் போகிற ரத்தக் குழாய் தடித்துப் போயிருக்கிறது, விறைத்துப் போயிருக்கிறது, உள்ளே கொழுப்பு படிந்து வழி குறுகிவிட்டது. அதனால்தான் நாலு படி ஏறினால் நெஞ்சைப் பிடிக்கிறது. ஆட்டுக் கொழுப்பு, டால்டா, பாமாயில் மூன்றையும் இன்றோடு விட்டுவிட வேண்டும்.

"பாமாயில ஊரே சாப்பிடுது, அதுக்காக ஊரே செத்துப் போயிடல. ஆனா உங்க குழாய் இருக்கிற இருப்புக்கு அது ஆகாது. கடலை எண்ணெய்கூட ஒரு ஸ்பூனுக்கு மேல வேணாம்," என்றார்.

லோகநாதன் பயபக்தியோடு தலையை ஆட்டினான். பக்கத்தில் நின்ற அவன் பெண்டாட்டி பூங்காவனம் ஒரு வார்த்தை விடாமல் மனசில் வாங்கிக்கொண்டாள். அவன் காதில் நின்றது ஒரே ஒரு வார்த்தைதான். விறைத்துப் போயிருக்கிறது. வெளியே வந்ததும் அவனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. விறைத்ததை இளக்கி மெதுவாக்குவதுதானே மீசை முளைத்த நாளிலிருந்து அவன் பார்க்கிற வேலை?

ஆம்பூரில் வஹாப் சாயபுவின் தோல் பதனிடுகிற ஷாப்பில் அவன் எண்ணெய் மேஸ்திரி. எண்ணெய் ஏறாத தோல் காய்ந்தால் அப்பளம் மாதிரி விறைத்துக்கொள்ளும், மடித்தால் உடையும். அதைப் பெரிய மர டிரம்மில் போட்டு, வெந்நீரில் எண்ணெயைக் கலந்து ஊற்றிச் சுற்றவிட வேண்டும். எவ்வளவு எண்ணெய், எவ்வளவு நேரம் என்பதெல்லாம் லோகநாதன் சொல்வதுதான். காய்ந்த தோலைக் காதருகே வைத்து மடிப்பான். நறநறவென்று சத்தம் கேட்டால் எண்ணெய் போதவில்லை என்று திருப்பி அனுப்பிவிடுவான். அவனைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொல்ல வேண்டுமானால் இதைத்தான் சொல்லலாம், வேறு எதுவும் கிடையாது. தோலை அத்தனை பதமாகத் தடவுகிற கை, வீட்டுக்கு வந்தால் பூங்காவனத்தின் கன்னத்தைப் பழுக்க வைக்கும்.

தோலுக்கு ஊற்றுகிற மீன் எண்ணெய்க்குத் தட்டுப்பாடு வந்த ஒரு வருஷம் ஷாப்பில் பாமாயில் பீப்பாய்களை இறக்கினார்கள். அந்தத் தோல் குடியாத்தம் லுங்கி மாதிரி மடிந்தது. கடலை எண்ணெய் மேலேயே நின்றுகொண்டு பிசுபிசுக்கும், பாமாயில்தான் உள்ளே இறங்கும் என்று லோகநாதன் அன்று கண்டுபிடித்தான். அந்தக் கண்டுபிடிப்பை இப்போது தன் நெஞ்சுக்குள் கொண்டுபோய் வைத்தான்.

"டாக்டருக்கு இன்னா தெரியும்? புக்கைப் படிச்சிட்டு வந்துருது," என்றான் பஸ்ஸில். "தோலு இன்னா, ரத்தக் குழாய் இன்னா? ரெண்டும் சதைதான். விறைச்சுப் போனா எண்ணெய் விடணும். அதும் உள்ள இறங்கற எண்ணெய். ரேஷன்ல போடறானே பாமாயில், அதை வாங்கியா. காலைல வெறும் வயித்துல ஒரு டம்ளர் குடிக்கிறேன். பொங்கலுக்குள்ள பார், குழாய் எப்படி மெதுவாவுதுன்னு."

 அன்றைக்குப் பூங்காவனத்துக்கு இருந்தது உண்மையான பயம்தான். "வேணாங்க. அந்த அம்மா பாமாயிலைத்தான் முக்கியமா வேணாம்னுச்சு," என்றாள். ஆம்பூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும், பிரியாணிக் கடை வாசலில், அத்தனை பேர் பார்க்க அவன் கையை ஓங்கினான். "எண்ணெயைப் பத்தி எனக்கு நீ சொல்லித் தர்றியா?" என்று கேட்டுவிட்டுத்தான் அறைந்தான். அவள் காதுக்குள் வீட்டுக்குப் போகிற வரை ரயில் ஓடிக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

எண்பத்து நாலாம் வருஷம் அது. ரேஷன் கடையில் பாமாயில் போடுகிற அன்று தெருவே தகர டின்னோடு நிற்கும். பூங்காவனமும் நின்றாள். லோகநாதன் காலையில் குளித்து, நெற்றிக்கு இட்டுக்கொண்டு, கிழக்கே பார்த்து நின்று ஒரு டம்ளர் பாமாயிலை மடமடவென்று குடித்தான். புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டு, மார்பைத் தட்டிக் காட்டினான். குமட்டலுக்கு ஒரு வெல்லக் கட்டியை வாயில் போட்டுக்கொண்டான்.

அவர்களுக்கு ஒரே மகள், பூரணி. பதினேழு வயசு. ஷூ கம்பெனியில் ஷூவின் மேல்பாகத் தோலைத் தைக்கிற மிஷினில் உட்கார்ந்திருந்தாள். கை அப்படி ஓடும். வளைவான இடத்தில் தையல் ஒரு நூல்கூட விலகாது என்று சூப்பர்வைசரே சொல்லுவாள். மற்றப் பெண்களோடு பேசிச் சிரித்துக்கொண்டு டிபன் பாக்ஸை ஆட்டியபடி அவள் திரும்பி வருகிற நேரம்தான் பூங்காவனத்துக்கு நாள் என்று ஒன்று விடிகிற நேரம்.

நெஞ்சு வலிக்காரனை டிரம் பக்கம் வைத்துக்கொள்ள முடியாது என்று ஷாப்பில் பேச்சு அடிபட்டது. அவனைக் காப்பாற்றக்கூடியவன் ஒருத்தன்தான், டிரம் செக்ஷன் சூப்பர்வைசர் நந்தகோபால். நாற்பத்தைந்து வயசு. பெண்டாட்டி கிணற்றில் விழுந்து செத்தவன். அவளாக விழுந்தாளா என்று கேட்டால் ஊரில் எல்லோரும் வேறு பக்கம் பார்ப்பார்கள். அந்த நந்தகோபால் ஒருநாள் வீட்டுக்கு வந்து காப்பி குடித்தான். பூரணி டம்ளரை நீட்டியபோது, டம்ளரை விட்டுவிட்டு அவள் மணிக்கட்டைப் பார்த்தான். அவன் போனதும் லோகநாதன் சொல்லிவிட்டான்.

"தை மாசம் கல்யாணம். அவன் இருக்கிற வரைக்கும் என்னை எவனும் ஷாப்பை விட்டு அனுப்ப முடியாது."

"அவன் வயசு இன்னா, இவ வயசு இன்னா?" என்று பூங்காவனம் கேட்டாள். அதற்குக் கரண்டிக் காம்பு வந்து முழங்கையில் விழுந்தது.

பூரணி அழவில்லை. அன்று மாலை பாத்திரம் தேய்க்கிற இடத்தில் அம்மாவின் வீங்கிய முழங்கையைப் பிடித்துக்கொண்டு, "என்னை அவன்கிட்ட தள்ளிடாதம்மா. முதல் பொண்டாட்டி போன வழிதான் நானும் போவேன்," என்றாள். சத்தமில்லாமல் சொன்னாள்.  பூங்காவனம் யாரிடம் போவாள்? அப்பன் முடிவு செய்துவிட்ட கல்யாணத்தை ஊரில் எவன் வந்து நிறுத்துவான்? அப்பன் இருக்கிற வரைக்கும் எவனும் வரமாட்டான்.

அப்பன் இருக்கிற வரைக்கும். பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்தபடி அவள் யோசித்தாள். அவன் செத்துவிட்டால் இந்தக் கல்யாணம் இல்லை. அவன் சாகிறதற்கான வழியை வேலூரில் ஒரு டாக்டர் விலாவாரியாகச் சொல்லி அனுப்பியிருக்கிறார். அதை அவனே ஆசைப்பட்டுக் கேட்கிறான். அவள் விஷம் வைக்க வேண்டாம், பில்லி சூனியம் செய்ய வேண்டாம். புருஷன் சொல்வதைக் கேட்டு நடந்தால் போதும்.

மறுநாளிலிருந்து பூங்காவனத்தைப் போல அடங்கிய பெண்டாட்டி அந்தத் தெருவிலேயே இல்லை. டம்ளரை இரண்டு விரல்கடை பெரியதாக மாற்றினாள். காலையில் பூரி, சாயங்காலம் வடை, ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக் கறியில் கொழுப்பாகப் பார்த்துப் பொறுக்கி எடுத்து வறுத்தாள். எல்லாம் பாமாயிலில்தான். "இன்னும் ஒண்ணு போட்டுக்குங்க," என்று கேட்டுக் கேட்டுப் பரிமாறினாள். அடி வாங்கி வாங்கி இப்போதுதான் இவளுக்குப் புத்தி வந்தது என்று லோகநாதன் பூரித்துப் போனான். அவன் பூரிப்பதைப் பார்த்து அவள் உள்ளுக்குள் சிரித்தாள். கல்யாணமான நாளிலிருந்து அந்த வீட்டில் அவள் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

வீட்டு ரேஷன் போதவில்லை. பக்கத்து வீட்டு பில்கிஸ் பாமாயில் சேர்ப்பதில்லை, அவள் கார்டுக்கு வருகிற எண்ணெயையும் பூங்காவனம் கேட்டு வாங்கிக்கொண்டாள். மார்கழிக் குளிரில் ஏலகிரிக் காற்று இறங்கும்போது டின்னில் எண்ணெய் வெள்ளையாக உறைந்து கிடக்கும். அதை அடுப்போரம் வைத்து உருக்கிக்கொண்டிருந்தபோது பில்கிஸ் வந்து நின்றாள்.

"இன்னாக்கா இது, மெழுகாட்டம் கீது. உங்க வூட்டுக்காரருக்கு நெஞ்சு வலின்னியே, இது ஆவுமா?"

"அவருக்கு இதான் வேணுமாம், பில்கிஸ். ஆம்பளை கேட்டா நாம இல்லன்னு சொல்ல முடியுமா?"

பில்கிஸ் அவள் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் டின்னைப் பார்த்தாள். மறுபடி ஒன்றும் கேட்காமல் போய்விட்டாள். ஆனாலும் அடுத்த முறை எண்ணெய் போட்டபோது அவளே கொண்டுவந்து வாசலில் வைத்தாள்.

தினமும் விடிந்ததும் பூங்காவனம் முதலில் பார்ப்பது அவன் மூச்சை. மார்பு ஏறி இறங்கும். சை, இருக்கிறான் என்று எழுந்து போய் எண்ணெயை உருக்குவாள். அவனோ நாளுக்கு நாள் மினுமினுத்தான். கன்னம் உப்பியது, தொப்பை வைத்தது, குரலில் அதட்டல் ஜாஸ்தியாகியது. கல்யாணத்துக்குச் சொல்லப் போகிறேன் என்று ஏலகிரிக்குப் போனவன், பாதி மலையை நடந்தே ஏறிவிட்டு வந்து நின்றான். ஆஸ்பத்திரி மாத்திரைதான் அவனை ஏற்றிவிட்டதோ, அவன் அகம்பாவம்தான் ஏற்றிவிட்டதோ. "பார்த்தியாடி? ஒரு வலி இல்ல. குழாய் மெதுவாயிடுச்சு," என்று மார்பைத் தட்டினான். அவள் தண்ணீர்ச் செம்பை நீட்டினாள். 

அவளால் பொறுக்க முடியவில்லை. அவனுக்கு மாத்திரை வாங்கிவருகிற சாக்கில் தனியாக வேலூருக்குப் போய் டாக்டரம்மா முன்னால் நின்றாள்.

"அம்மா, அவரு நீங்க சொன்னதைக் கேக்க மாட்டேங்கறாரு. டம்ளர் டம்ளரா பாமாயில் குடிக்கிறாரு. இப்படியே குடிச்சா இன்னா ஆவும்?"

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "குடிக்கிறாரா? ஐயோ. நீ எடுத்துச் சொல்லக் கூடாதா?"

"சொன்னேம்மா. அடிக்கிறாரு. எப்போ ஆவும், அதை மட்டும் சொல்லுங்க."

"இது விஷம் இல்லம்மா, இன்னைக்குக் குடிச்சு நாளைக்குச் சாக. கொஞ்சம் கொஞ்சமாப் படியும். ஒரு வருஷம் ஆகலாம், அஞ்சு வருஷம் ஆகலாம், பத்துகூட ஆகலாம். யாராலயும் நாள் குறிக்க முடியாது."

"தை மாசத்துக்குள்ள?"

"தை மாசமா? அடுத்த மாசம்தானே. அதுக்குள்ள ஒண்ணும் ஆகாது, நீ தைரியமா இரு."

பூங்காவனம் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதுவிட்டாள். டாக்டரம்மாவுக்கு மனசு இளகிவிட்டது. எழுந்து வந்து தோளைத் தொட்டு, "அழாதம்மா. இவ்வளவு பாசம் வெச்சிருக்கிற பொண்டாட்டி கிடைக்க அவர் குடுத்து வெச்சிருக்கணும். உன் புருஷன் அவ்வளவு சீக்கிரம் உன்னை விட்டுப் போயிட மாட்டார்," என்றார். பாவம், ஆறுதல் சொல்வதாக நினைத்துத்தான் அந்த அம்மாள் அதைச் சொன்னார். அதைவிட ஈரமில்லாத பேச்சைப் பூங்காவனம் லோகநாதன் வாயிலிருந்துகூடக் கேட்டதில்லை.

தையில் கல்யாணம் நடந்தது. பந்தியில் அப்பளமும் வடையும் மலை மாதிரி குவிந்தன. லோகநாதன் மாப்பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து எல்லோரையும் விட அதிகமாகத் தின்றான். தாலி ஏறும்போது பூரணி மாப்பிள்ளையைப் பார்க்கவில்லை, அப்பனைப் பார்க்கவில்லை, கூட்டத்தில் தேடி அம்மாவைத்தான் பார்த்தாள். பூங்காவனம் தலையைக் குனிந்துகொண்டாள். பெண்ணைப் பிரிகிற துக்கம் என்று பக்கத்தில் இருந்தவர்கள் அவளைத் தேற்றினார்கள்.

நந்தகோபாலுக்குப் பெண்டாட்டி கம்பெனிக்குப் போவது பிடிக்கவில்லை. பூரணி போகத்தான் செய்தாள். ஆடி மாசம் ஒருநாள் அவள் வலது கையை அம்மிக் கல்லின் மேல் வைத்து அழுத்திக்கொண்டு, குழவியைத் தூக்கிப் போட்டான். ஆள்காட்டி விரலும் நடு விரலும் நசுங்கின. துணியைச் சுற்றிக்கொண்டு பூரணி அம்மா வீட்டுக்கு நடந்தே வந்தாள். துணி முழுக்க ரத்தம். அதைக் கண்டதும் பூங்காவனம் நெஞ்சில் அடித்துக்கொண்டாள்.

லோகநாதன் துணியைப் பிரித்து, தோலைப் பார்க்கிற மாதிரி விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "புருஷன்கிட்ட இன்னா அவ்ளோ விறைப்பு?" என்றான். "விறைச்சுக்கிட்டு நின்னா தட்டித்தான் மெதுவாக்குவான். கட்டு போட்டுக்கினு போய்ச் சேரு. அவன் பேஜார் ஆனான்னா நாளைக்கு ஷாப்புல எனக்குத்தான் வம்பு."

அவனே கூட்டிக்கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தான். திரும்பி வந்ததும் பசிக்கிறது என்றான். பூங்காவனம் வடை சுட்டுப் போட்டாள். ஒவ்வொரு வடையையும் தட்டில் வைக்கும்போது அவன் மார்பையே பார்த்தாள். இன்றைக்காவது, இன்றைக்காவது என்று மனசுக்குள் மன்றாடினாள். அவன் ஏப்பம் விட்டுவிட்டுப் படுத்து, குறட்டை விட்டுத் தூங்கினான்.

அப்புறம் எப்போது வந்தது தெரியுமா? அவள் காத்துக்கொண்டிருந்த காலமெல்லாம் போய், ஷூ கம்பெனி பூரணியின் இடத்தில் வேறு பெண்ணை உட்கார வைத்து, அந்த இரண்டு விரலும் இனி மடங்காது என்று ஆன பிறகு, அடுத்த மார்கழியில் வந்தது. லோகநாதன் குளித்து நெற்றிக்கு இட்டுக்கொண்டு கிழக்கே பார்த்து நின்றான். டம்ளர் வாய்க்குப் போவதற்குள் கையிலிருந்து நழுவியது. வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. தரையெல்லாம் எண்ணெய், அதிலேயே சரிந்து விழுந்தான். பூங்காவனம் அடுப்படியில் இருந்து பார்த்தாள். ஓடவில்லை. எண்ணெய்ச் சட்டியை இறக்கி வைத்து, அடுப்பை அணைத்துவிட்டுத்தான் எழுந்து வந்தாள். குனிந்து மூக்கில் விரல் வைத்துப் பார்த்தாள். மூச்சு இருந்தது.

உயிர் போகவில்லை. வலது கையும் காலும் பேச்சும் போயின. வேலூரில் அதே டாக்டரம்மா பார்த்தார். அடைப்பு இந்தத் தடவை நெஞ்சில் இல்லை, மூளைக்குப் போகிற குழாயில் என்றார். "இனிமேலாவது கேளுங்க. எண்ணெய் கூடாது, கொழுப்பு கூடாது, உப்பு பேருக்குத்தான். நான் சொல்றபடி பத்தியமா வெச்சுக் கவனிச்சா பத்து வருஷம், பதினஞ்சு வருஷம்கூட ஓட்டிடலாம். ஆனா எழுந்து நடப்பார்னு என்னால சொல்ல முடியாது."

"பதினஞ்சு வருஷமா?" என்று கேட்டாள் பூங்காவனம்.

"நல்லாக் கவனிச்சா."

"கவனிக்கிறேம்மா," என்றாள். இந்தத் தடவை அழவில்லை.

ஆம்பூருக்கு வந்ததும் நேராக நந்தகோபால் வீட்டுக்குப் போனாள். தடுக்க அப்பனுக்குத் தெம்பில்லை, அனுப்பி வைக்கவும் தெம்பில்லை. எண்ணெய் மேஸ்திரி இல்லாமல் போன வீட்டோடு நந்தகோபாலுக்கும் இனி வேலை இல்லை. முடமான கைக்காரியை எவன் வைத்துச் சோறு போடுவான் என்று காறித் துப்பி அனுப்பிவிட்டான். மகளின் டிரங்குப் பெட்டியைப் பூங்காவனம் தலையில் தூக்கிக்கொண்டு வந்தாள். அந்த வருஷத்திலிருந்து வீட்டில் சம்பாதிக்கிறவள் அவள்தான். வாசலில் அடுப்பைப் போட்டு, மாலையில் ஷாப்பு விட்டுப் போகிறவர்களுக்கு வடை சுட்டு விற்றாள்.

லோகநாதனை அவள் பார்த்துக்கொண்ட அழகை ஊரே மெச்சியது. காலையில் உப்பில்லாத கேழ்வரகுக் கஞ்சி, மதியம் குழைந்த சோறும் வேகவைத்த சுரைக்காயும், இரவுக்கு மறுபடி கஞ்சி. மாத்திரை வேளை தவறாது. முதுகில் புண் வராமல் புரட்டிப் போடுவாள். இப்படி ஒரு பெண்டாட்டி எவனுக்குக் கிடைப்பாள் என்று வருகிற சொந்தக்காரர்கள் எல்லாம் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார்கள். பில்கிஸ் மட்டும் அப்படிச் சொன்னதில்லை.

அவன் கட்டிலை அவள் வாசல் கதவுக்கு நேராகப் போட்டிருந்தாள். அங்கே படுத்தால் அடுப்பு தெரியும். சட்டியில் பாமாயில் காய்ந்து வடை புரள்கிற வாசனை முழுக்க அவன் மூக்குக்குத்தான் போகும். வாய் ஓரத்தில் எச்சில் வழியும். இன்னும் அசைகிற இடது கையைத் தூக்கிச் சட்டியைக் காட்டுவான். தொண்டையிலிருந்து ஏதோ ஒரு சத்தம் வரும். பூங்காவனம் எழுந்து வந்து எச்சிலைத் துடைத்துவிட்டுப் போவாள்.

ஒரு சாயங்காலம் பூரணிக்குத்தான் தாங்கவில்லை. இடது கையால் மாவைத் தட்டிக்கொண்டிருந்தவள் நிறுத்திவிட்டு, "ஒரு வடை குடுத்துடும்மா. கண்ணால பார்க்க முடியல. தின்னுட்டுப் போறதுன்னா போய்ட்டும், வுடேன்," என்றாள்.

பூங்காவனம் எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு கட்டிலுக்குப் போனாள். அவனுடைய செத்த வலது கையைத் தூக்கித் தன் காதருகே வைத்து, மெதுவாக மடக்கினாள். மூட்டு நறநறத்தது. அவன் வலியில் கண்ணை உருட்டினான். கண்ணோரத்தில் தண்ணீர் இறங்கியது.

"இன்னும் விறைப்பாத்தான் கீது," என்றாள். கல்யாணமான நாளிலிருந்து அவனை நீங்க, வாங்க என்றே கூப்பிட்டவள், குனிந்து அவன் முகத்துக்கு நேராகச் சொன்னாள். "உனக்கு எண்ணெய் ஆவாதுன்னு டாக்டர் சொல்லிட்டாங்க. நீ நல்லா இருக்கணும். இன்னும் ரொம்ப நாள் இருக்கணும்."

கையைப் போர்வைக்குள் வைத்து மூடிவிட்டு, ஆறிப்போயிருந்த கஞ்சிக் கிண்ணத்தை எடுத்தாள்.